வயல் தகராறை யார் தீர்ப்பது? பழங்குடி எல்லையில் பாகிஸ்தானுக்கு உள்ள வழிகள்

2024 ஜூலையில், பாகிஸ்தானின் குர்ரம் மாவட்டத்தில் போஷெரா என்ற ஊரில் ஒரு விவசாய நிலம் யாருடையது என்று தகராறு வந்தது. ஒரு தரப்பு சுன்னி, மறு தரப்பு ஷியா. நம்மூரில் என்றால் வாய்ச்சண்டையில் தொடங்கி, வரப்பை வெட்டி, கடைசியில் தாசில்தார் ஆபீஸ் வாசலில் போய் நிற்கும். அங்கே மோர்ட்டார் குண்டு வரைக்கும் போயிற்று. சில நாட்களில் ஏறக்குறைய 50 பேர் செத்தார்கள். நவம்பர் 21 அன்று, போலீஸ் காவலோடு போன பயணிகள் வாகன வரிசையின் மீது துப்பாக்கிச் சூடு. 40 பேருக்கு மேல் பலி. மாவட்டத் தலைநகரான பாராசினாருக்குப் போக இருக்கிற ஒரே முக்கியச் சாலை மூடப்பட்டது. மாதக்கணக்கில் மருந்தும் பெட்ரோலும் இல்லாமல் ஊர் தவித்தது. 2025 ஜனவரி 1 அன்று கோஹாட்டில் ஜிர்கா (பழங்குடிப் பெரியவர்களின் பஞ்சாயத்து) கூடி ஒப்பந்தம் போட்டார்கள்: பதுங்கு குழிகளை இடிப்பது, ஆயுதங்களை ஒப்படைப்பது. மூன்றே நாளில், சாலையைத் திறக்க வழி பார்த்துக்கொண்டிருந்த மாவட்டத் துணை ஆணையர் மீது சுட்டார்கள். நம் கலெக்டருக்குச் சமமான பதவி அது. காயத்தோடு தப்பினார்.

பாகிஸ்தான்-ஆப்கானிஸ்தான் எல்லை என்றாலே தாலிபான், அல்-காய்தா, ட்ரோன் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். நான் வேண்டுமென்றே வயலிலிருந்து ஆரம்பிக்கிறேன். தாலிபான் அந்த மலைகளில் வேர்விட்டது துப்பாக்கியால் மட்டுமில்லை. நிலத் தகராறு, கடன் தகராறு, கொலைப் பழி எதுவானாலும் ஒரே நாளில் தீர்ப்புச் சொல்ல ஆள் இருக்கிறது என்று காட்டியதாலும்தான். ஆகவே பாகிஸ்தானுக்கு முன்னால் இருக்கிற வழிகளை ஒப்பிடும்போது எத்தனை தீவிரவாதிகள் செத்தார்கள் என்று நான் எண்ணப்போவதில்லை. இந்த வழியில் போனால், எல்லாம் முடிந்த மறுநாள் காலை வரப்புத் தகராறோடு வருகிற மனிதன் யாரிடம் போவான்? எல்லா வழிகளிடமும் இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்கப்போகிறேன்.

முதலில் கொஞ்சம் பின்கதை. 1893-ல் ஆங்கிலேய அதிகாரி மார்ட்டிமர் டூராண்டும் ஆப்கான் அமீர் அப்துர் ரஹ்மானும் கையெழுத்திட்ட கோடு, சுமார் 2,600 கி.மீ. நீளத்துக்கு, அந்த மலைகளில் வாழும் பஷ்தூன் இனத்தவரை இரண்டாகப் பிரித்தது. காபூலில் மன்னர் இருந்தாலும், கம்யூனிஸ்ட் இருந்தாலும், தாலிபான் இருந்தாலும் அந்தக் கோட்டை மனமார ஏற்றதில்லை. 1947-ல் பாகிஸ்தானை ஐ.நா.வில் சேர்ப்பதற்கு எதிராக வாக்களித்த ஒரே நாடு ஆப்கானிஸ்தான். கோட்டுக்கு இந்தப் பக்கம் பஜாவுர், மொஹ்மந்த், கைபர், ஒரக்சாய், குர்ரம், வடக்கு வசிரிஸ்தான், தெற்கு வசிரிஸ்தான் என ஏழு ஏஜென்சிகள். இவற்றை ஆண்டது 1901-ஆம் ஆண்டின் எல்லைக் குற்ற ஒழுங்குமுறைச் சட்டம். 'அப்பீல் இல்லை, வக்கீல் இல்லை, தலீல் இல்லை' என்று அங்கே அதைச் சொல்வார்கள். தலீல் என்றால் ஆதாரம். ஒருவன் தப்புச் செய்தால் அவன் குலத்தையே பிடித்து உள்ளே போடலாம், வீட்டை இடிக்கலாம், சந்தையை மூடலாம். சுதந்திரம் வந்தபின்பும் 70 ஆண்டுகள் இதே சட்டம்தான். எல்லோருக்கும் ஓட்டுரிமை கிடைத்ததே 1996-ல்.

பழைய வீட்டுக்கே திரும்புவது

அந்தப் பழைய முறைக்கே திரும்பிவிடலாம் என்பது முதல் வழி. பொலிட்டிகல் ஏஜென்ட் என்ற அதிகாரி, அவரிடம் மானியம் வாங்குகிற மாலிக்குகள் என்ற குலத் தலைவர்கள், சண்டை வந்தால் ஜிர்கா. கர்சன் பிரபு காலத்து ஏற்பாடு. செலவு குறைவு, ராணுவம் உள்ளே போக வேண்டியதில்லை. இன்றைக்கும் இதைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மானியமும் மரியாதையும் போய்விட்ட சில மாலிக்குகள் கேட்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், 2022-ல் அரசோடு நடந்த பேச்சுவார்த்தையில், அந்த அரசையே எதிர்த்துச் சண்டை போடும் பாகிஸ்தான் தாலிபானும் இதைத்தான் கேட்டது: பழங்குடிப் பகுதிகளை 2018-ல் கைபர் பக்துன்வா மாகாணத்தோடு இணைத்ததை ரத்து செய்யுங்கள் என்று. மாலிக்குகளைக் கொன்று குவித்தவர்களே மாலிக் காலத்தைத் திரும்பக் கேட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது போலீஸும் நீதிமன்றமும் இல்லாத நிலம், காரணம் அவ்வளவுதான்.

இந்த வழி செத்துவிட்டது என்பது என் முடிவு. 2001-க்குப் பிறகு நூற்றுக்கணக்கான மாலிக்குகளையும் பெரியவர்களையும் தீவிரவாதிகள் கொன்றார்கள். மிச்சமிருந்தவர்கள் பெஷாவருக்கும் இஸ்லாமாபாதுக்கும் ஓடினார்கள். 2008 அக்டோபரில் ஒரக்சாயில் தாலிபானுக்கு எதிராகப் படை திரட்டக் கூடியிருந்த ஜிர்காவுக்குள் வெடிமருந்து வண்டியோடு ஒருவன் புகுந்தான். கூடியிருந்தவர்களில் 80 பேருக்கு மேல் போய்விட்டார்கள். 2010 ஜனவரி 1 அன்று, வசிரிஸ்தான் ஓரத்திலிருக்கும் லக்கி மர்வத் மாவட்டத்தின் ஷா ஹசன் கேல் கிராமத்தில் வாலிபால் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. சுற்றிலும் ஊர்ச்சனம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, வெடிமருந்து நிரப்பிய வண்டி ஒன்று மைதானத்துக்குள் நுழைந்தது. சுமார் 100 பேர் செத்தார்கள். அந்த ஊர் செய்த குற்றம், அரசு சொன்னதை நம்பித் தாலிபானுக்கு எதிராகக் காவல் குழு அமைத்தது. ஊராரின் கையில் துப்பாக்கி கொடுத்து 'நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்கிற யோசனை இப்போதும் அவ்வப்போது தலைதூக்குகிறது. சொல்கிறவர்கள் அந்த மைதானத்தை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லலாம்.

பெயர் மாறும், ராணுவம் வரும்

இரண்டாவது, ராணுவ நடவடிக்கை. 2002 முதல் பெயர்களை மட்டும் அடுக்கினாலே ஒரு பத்தி ஆகும்: அல்-மீசான், ஜல்ஜலா (நிலநடுக்கம்), ஷேர்தில் (சிங்க இதயம்), ராஹே ராஸ்த் (நேர்வழி), ராஹே நிஜாத் (மீட்சியின் பாதை), ஜர்பே அஸ்ப், ரத்துல் ஃபசாத். நோய் ஒன்றே; மருந்துச் சீட்டில் பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது.

ஆனால் நியாயமாகப் பேசவேண்டும். 2014 ஜூன் 8 அன்று கராச்சி விமான நிலையத்தைத் தாக்கினார்கள். ஜூன் 15 அன்று வடக்கு வசிரிஸ்தானில் ஜர்பே அஸ்ப் தொடங்கியது. டிசம்பர் 16 அன்று பெஷாவர் ராணுவப் பள்ளியில் 130-க்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சுட்டுக் கொன்றபின், அதுவரை 'நல்ல தாலிபான், கெட்ட தாலிபான்' என்று தரம் பிரித்துக்கொண்டிருந்தவர்கள்கூட வாயை மூடினார்கள். இரண்டு ஆண்டில் 3,500 தீவிரவாதிகளைக் கொன்றதாகவும், 490 வீரர்களை இழந்ததாகவும் ராணுவம் கணக்குச் சொன்னது. முதல் எண்ணை யாரும் சரிபார்க்க முடியாது. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் பாகிஸ்தான் முழுவதும் குண்டுவெடிப்புகள் மளமளவென்று குறைந்தது உண்மை. வடக்கு வசிரிஸ்தானின் தலைநகரான மிரான்ஷாவில் கொடியேற்றி உட்கார்ந்திருந்த இயக்கத்தை அங்கிருந்து எழுப்பிவிட ராணுவத்தால் முடியும். இதை மறுக்கிறவர்கள் 2013-ஐ மறந்துவிட்டவர்கள்.

அதற்குக் கொடுத்த விலை? ஏறக்குறைய 10 லட்சம் பேர் மூட்டை முடிச்சோடு பக்கத்து மாவட்டமான பன்னூவுக்கும், சிலர் எல்லை தாண்டி ஆப்கானிஸ்தானின் கோஸ்த்துக்கும் போனார்கள். மிரான்ஷா கடைவீதி தரைமட்டமானது. முழுதாக இடிந்த வீட்டுக்கு 4 லட்சம் பாகிஸ்தான் ரூபாய், பாதி இடிந்த வீட்டுக்கு 1.6 லட்சம் இழப்பீடு. கூட்டுக் குடும்பமாக முப்பது நாற்பது பேர் வாழ்கிற மண் கோட்டை போன்ற வீடுகள் அவை. அந்தப் பணத்தில் ஒரு மதில் சுவரைக்கூடக் கட்டி முடிக்க முடியாது. திரும்பி வந்தவர்களுக்குக் கண்ணிவெடி ஒரு பக்கம், சோதனைச் சாவடி மறுபக்கம். சொந்த ஊருக்குள் போக 'வதன் கார்டு' என்ற தனி அட்டையைக் காட்டி வரிசையில் நிற்கவேண்டியிருந்தது.

அந்தக் கோபம்தான் 2018-ல் வெடித்தது. கராச்சியில் நகீபுல்லா மெஹ்சூத் என்ற இளைஞரைப் போலீஸ் போலி என்கவுன்ட்டரில் கொன்றதும், மன்சூர் பஷ்தீன் தலைமையில் பஷ்தூன் பாதுகாப்பு இயக்கம் கிளம்பியது. கேட்டவை சாதாரணம்: கண்ணிவெடியை எடுங்கள், காணாமல் போனவர்களைக் கோர்ட்டில் நிறுத்துங்கள், சாவடியில் எங்களை அவமானப்படுத்தாதீர்கள். ஆயுதமில்லாத இந்த இயக்கத்தை 2024 அக்டோபரில் அரசு தடை செய்தது. தெற்கு வசிரிஸ்தானின் அலி வசீர் கதை இன்னும் விசித்திரம். தந்தை, சகோதரர்கள் உட்படக் குடும்பத்தில் பத்துப் பேருக்கு மேல் தீவிரவாதிகளால் கொல்லப்பட்டவர். அப்புறம் அங்கேயுள்ள வானா நகரில் அவர்கள் குடும்பத்துச் சந்தையைக் கூட்டுத் தண்டனை என்று அரசே வெடிவைத்துத் தகர்த்தது. தேர்தலில் நின்று ஜெயித்து நாடாளுமன்றம் போனார். பேசிய பேச்சுக்காக இரண்டு ஆண்டுக்கு மேல் சிறையில் கிடந்தார். இருபக்கமும் அடிவாங்கிய மத்தளம் என்பது இவருக்குத்தான் பொருந்தும்.

நம் கேள்விக்கு வருவோம். ராணுவம் வந்த மறுநாள், வரப்புத் தகராறுக்காரன் யாரிடம் போவான்? மேஜரிடம். மேஜருக்கு நிலச் சட்டம் தெரியாது, இரண்டு வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார். சுத்தம் செய்த இடத்தில் வேறு யாரும் வந்து உட்காராததால், 2008-ல் ஷேர்தில் நடந்த அதே பஜாவுரில் 2025-லும் ராணுவம் நடவடிக்கை தொடங்கியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மறுபடியும் மூட்டை கட்டின.

மாலை போட்ட ஒப்பந்தங்கள்

2004 ஏப்ரல் 24. தெற்கு வசிரிஸ்தானில் ஷகாய் என்ற இடம். முந்தைய மாதம்தான் களோஷாவில் ராணுவம் அடிவாங்கியிருந்தது. பெஷாவர் படைப்பிரிவின் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் சஃப்தர் உசேன் அங்கே போனார். நீளமாக முடி வளர்த்த, முப்பது வயதைத் தொடாத நெக் முகமது வசீர் எதிரே நின்றார். மாலை மாற்றிக்கொண்டார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், கேமராக்கள் பளிச்சிட்டன. கூட்டணி அறிவிப்புப் படங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தப் படத்தின் அர்த்தம் உடனே புரியும்: யார் யாரைத் தேடி வந்தார் என்பதுதான் செய்தி. பஷ்தூன் வழக்கத்தில் தோற்றவன்தான் ஜெயித்தவன் வீட்டுக்குப் போவான். நெக் முகமது அதை வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டார். வெளிநாட்டுப் போராளிகளைப் பதிவு செய்யவேண்டும் என்ற நிபந்தனைக்கு இரு தரப்பும் இரு அர்த்தம் சொன்னார்கள். ஒப்பந்தம் சில வாரங்களில் முறிந்தது. ஜூன் மாதம், அமெரிக்க ட்ரோன் ஏவிய ஏவுகணையில் நெக் முகமது செத்தார். பாகிஸ்தானில் நடந்த முதல் ட்ரோன் தாக்குதல் அது.

அடுத்து 2005 பிப்ரவரியில் இன்னொரு தாலிபான் தளபதி பைத்துல்லா மெஹ்சூதோடு சரரோகா ஒப்பந்தம். 2007 ஆகஸ்டில் அதே பைத்துல்லாவின் ஆட்கள், 200-க்கும் மேற்பட்ட ராணுவ வீரர்களை ஒரு குண்டுகூடச் சுடாமல் பிடித்துக்கொண்டு போனார்கள். டிசம்பரில் பல குழுக்கள் சேர்ந்து தெஹ்ரிக்-இ-தாலிபான் பாகிஸ்தான், அதாவது பாகிஸ்தான் தாலிபான், ஆனபோது அவர்தான் தலைவர். 2006 செப்டம்பரில் வடக்கு வசிரிஸ்தானில் மிரான்ஷா ஒப்பந்தம்; அது 2007-ல் இஸ்லாமாபாதின் லால் மசூதியை ராணுவம் முற்றுகையிட்டதோடு போயிற்று. 2009-ல் ஸ்வாத் பள்ளத்தாக்கில் ஷரியா நீதிமன்றங்களுக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். அந்த மை காய்வதற்குள் தாலிபான் பக்கத்து மாவட்டமான புனேருக்குள் வந்துவிட்டது. இஸ்லாமாபாதிலிருந்து அது சுமார் 100 கி.மீ. தான்.

ஆகப் பேச்சுவார்த்தையே வீண் என்று முடிவு கட்டிவிடலாமா? இங்கே மிசோரத்தை நினைத்துக்கொள்வது நல்லது. 1966 மார்ச்சில் ஐஸ்வால் மீது இந்திய விமானப்படையே குண்டு போட்டது. கிராமங்களைக் காலி செய்து சாலையோரக் குடியிருப்புகளில் மக்களை அடைத்தார்கள். இருபது ஆண்டு கழித்து, 1986 ஜூன் 30 அன்று மிசோ ஒப்பந்தம் கையெழுத்தானது. பதவியிலிருந்த முதல்வர் லால் தன்ஹாவ்லா இடம்விட, கலகத் தலைவர் லால்டெங்கா முதல்வரானார். இரண்டே வருடத்தில் அவர் ஆட்சி கவிழ்ந்தது. காட்டுக்குத் திரும்பாமல் எதிர்க்கட்சி அரசியல் செய்தார்கள். அந்தச் சமாதானம் இன்றுவரை நிற்கிறது.

ஏன் அங்கே நின்றது? மிசோ தேசிய முன்னணி ஒரே இயக்கம். தலைவர் சொன்னால் ஆட்கள் கேட்டார்கள். 1971-ல் கிழக்குப் பாகிஸ்தான் வங்கதேசமானதும் சிட்டகாங் மலையிலிருந்த பதுங்கிடம் போய்விட்டது. தனிநாடு இல்லாவிட்டால் மாநிலம் என்று இறங்கி வர அரசியல் சட்டத்தில் ஒரு படி இருந்தது. ஒப்பந்தம் இயக்கத்துக்கு மட்டும் இல்லாமல் மக்களுக்கும் ஏதோ கொடுத்தது. பாகிஸ்தானின் ஒப்பந்தங்களில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. தோற்ற கையோடு பேசினார்கள். மக்களைக் கேட்காமல் பேசினார்கள். துப்பாக்கி வைத்திருந்தவனையே ஊரின் பிரதிநிதி ஆக்கினார்கள். 2021-22-ல் காபூலில், ஆப்கான் தாலிபான் அரசின் உள்துறை அமைச்சர் சிராஜுதீன் ஹக்கானி நடுவராக இருக்க, பாகிஸ்தான் தாலிபானோடு நடந்த பேச்சும் அப்படித்தான். போர்நிறுத்தம் இருந்த மாதங்களில் ஆயுதம் ஏந்தியவர்கள் ஸ்வாத் மலைகளில் மறுபடி தென்பட ஆரம்பித்தார்கள். 2022 அக்டோபரில் ஒரு பள்ளி வேன் ஓட்டுநரைச் சுட்டுக் கொன்றதும் ஸ்வாத்தின் மிங்கோரா நகரில் நிஷாத் சவுக்கில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். எங்களுக்குத் தாலிபானும் வேண்டாம், இன்னொரு ராணுவ நடவடிக்கையும் வேண்டாம் என்றார்கள். அவர்களைப் பேச்சுவார்த்தை மேஜைக்கு யாரும் கூப்பிடவில்லை. நவம்பர் 28 அன்று தாலிபான் போர்நிறுத்தத்தை முடித்துக்கொண்டது.

வானத்திலிருந்தும் எல்லைக்கு அப்பாலும்

ட்ரோனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2004 முதல் 2018 வரை 400-க்கும் மேற்பட்ட தாக்குதல்கள். தலைவர்களை ஒழிப்பதில் இதைவிடத் துல்லியமான கருவி கிடையாது: நெக் முகமது, பைத்துல்லா, அவருக்குப் பின் தலைவரான ஹகீமுல்லா எல்லோரும் அதில்தான் போனார்கள். ஒவ்வொரு முறையும் அடுத்தவர் வந்து உட்கார்ந்தார். ஆனால் எனக்கு மறக்க முடியாத நாள் 2011 மார்ச் 17. வடக்கு வசிரிஸ்தானின் தத்தா கேலில், குரோமைட் சுரங்கம் யாருக்கு என்ற தகராறைத் தீர்க்க மாலிக்குகளும் காசதார் காவலர்களும் திறந்தவெளியில் ஜிர்காவாக உட்கார்ந்திருந்தார்கள். ஏவுகணை வந்தது. சுமார் 40 பேர் செத்தார்கள். இந்தக் கட்டுரையில் நான் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்விக்கு அந்த ஊரில் மிச்சமிருந்த பதிலே அந்த வட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தது.

2021 ஆகஸ்டில் காபூல் ஆப்கான் தாலிபான் கையில் விழுந்தபின் பிரச்சினை எல்லைக்கு அப்பால் நகர்ந்தது. 'அடிமைச் சங்கிலி அறுந்தது' என்று இஸ்லாமாபாதில் மகிழ்ந்தவர்களின் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பாகிஸ்தான் தாலிபானின் தலைவர் நூர் வாலி மெஹ்சூத் ஆப்கான் தாலிபானுக்கு விசுவாசப் பிரமாணத்தைப் புதுப்பித்தார். உலகப் பயங்கரவாதக் குறியீடு 2024-ல் பாகிஸ்தானில் 1,081 பேர் பலி என்று கணக்கிட்டது. அடித்தால் காபூல் வழிக்கு வரும் என்று 2022 ஏப்ரலிலிருந்து பாகிஸ்தான் விமானங்கள் கோஸ்த்திலும் பக்திகாவிலும் குண்டு போட்டன. 2023 கடைசியிலிருந்து பல லட்சம் ஆப்கான் அகதிகளை வெளியேற்றினார்கள். அதில் பாகிஸ்தானிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் உண்டு. 2025 அக்டோபரில் காபூலிலேயே குண்டு விழுந்து, எல்லைச் சண்டை மூண்டு, தோகாவில் கத்தாரும் துருக்கியும் உட்கார்ந்து போர்நிறுத்தம் செய்துவைத்தார்கள். தோர்கம், சமன் எல்லை வாயில்கள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. ஆப்கான் மாதுளை லாரியிலேயே அழுகியது, பாகிஸ்தான் சந்தையில் தக்காளி விலை ஏறியது.

இந்த வழியில் ஒரு நியாயம் இருக்கிறது. பதுங்க அடுத்த நாட்டில் இடம் இருக்கும்வரை எந்தக் கலகமும் சாகாது, மிசோரமே சாட்சி. ஆனால் காபூல் பாகிஸ்தான் தாலிபானை ஏன் கைவிடும்? இருபது ஆண்டு கூடவே சண்டை போட்டவர்கள். தள்ளிவிட்டால் ஐ.எஸ். பக்கம் போய்விடுவார்கள் என்ற பயம் வேறு. விருந்தினரை எதிரியிடம் ஒப்படைக்கக்கூடாது என்ற வழக்கத்தின் பேரில், ஆப்கான் தாலிபானின் ஹக்கானி குழுவுக்கு மிரான்ஷாவில் பாகிஸ்தானே பல வருடம் இடம் கொடுத்திருந்தது. அதே பாடத்தை இப்போது காபூல் திருப்பி ஒப்பிக்கிறது. தவிர, காபூலை எவ்வளவு அடித்தாலும் வானாவில் ஒரு வரப்புத் தகராறு தீராது.

பாதியில் நிற்கும் இணைப்பு

மிச்சமிருப்பது ஒன்று. அது தொடங்கப்பட்டு, பாதியில் நிற்கிறது.

2018 மே மாதம் 25-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தில் ஏழு ஏஜென்சிகளும் கைபர் பக்துன்வா மாகாணத்தின் மாவட்டங்களாயின. 1901 சட்டம் போனது. 2019 ஜூலை 20 அன்று மாகாண சட்டமன்றத்துக்கு முதல்முறையாக 16 பொதுத் தொகுதிகளில் ஓட்டுப் போட்டார்கள். சுமார் 28,000 காசதார், லெவி காவலர்கள் மாகாணப் போலீஸில் சேர்க்கப்பட்டார்கள். காகிதத்தில் இதைவிடப் பெரிய மாற்றம் அந்த மலைகளில் நூறு ஆண்டில் நடந்ததில்லை.

அப்புறம்? ஆண்டுக்கு 10,000 கோடி ரூபாய் என்று பத்து ஆண்டுக்கு வாக்குக் கொடுத்தார்கள். நாட்டின் வரிப் பங்கீட்டில் 3 சதவீதம் என்றார்கள். மற்ற மாகாணங்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கவில்லை, பணம் முழுதாக வரவில்லை. நீதிபதிகளை நியமித்தார்கள். ஆனால் தெற்கு வசிரிஸ்தான் கோர்ட் தொடக்கத்தில் பக்கத்து மாவட்டமான டாங்க்கிலும், வடக்கு வசிரிஸ்தான் கோர்ட் பன்னூவிலும் உட்கார்ந்தன. வழக்குக்காரன் நீதியைத் தேடி மலையிறங்கி அடுத்த மாவட்டத்துக்குப் போகவேண்டும். நிலம் இன்னும் மோசம். குர்ரமிலாவது ஆங்கிலேயர் காலத்து நிலப் பதிவேடு கொஞ்சம் உண்டு. பெரும்பாலான மற்ற இடங்களில் சர்வே நடந்ததே இல்லை, பட்டா என்று ஒன்று கிடையாது. நிலம் குலத்துக்குச் சொந்தம், எல்லை பெரியவர்களின் ஞாபகத்தில். அந்தப் பெரியவர்கள்தான் கொல்லப்பட்டார்கள். பதிவேடு இருந்தும் தீர்ப்பை நடத்திக்காட்ட ஆளில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை போஷெராவில் பார்த்தோம்.

இந்த வழியை ஆதரிக்கிறவர்கள் மறைக்கிற ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். இணைத்துவிட்டாலே எல்லாம் சரியாகும் என்றால் ஸ்வாத் எரிந்திருக்கக்கூடாது. ஸ்வாத் 1969 வரை தனி சமஸ்தானம். வாலி என்ற மன்னரின் காஜிகள் நாள் கணக்கில் தீர்ப்புச் சொல்வார்கள். சமஸ்தானம் கலைந்து பாகிஸ்தான் கோர்ட் வந்தபின் ஒரு நில வழக்கு அப்பன் காலத்தில் தொடங்கி மகன் காலத்திலும் இழுத்தது. 1994-ல் சூஃபி முகமதுவின் இயக்கம் ஷரியா கேட்டுக் கிளர்ந்தபோது அதற்குக் கூடிய கூட்டத்தில் பாதிப்பேர் வழக்கு முடியாமல் அலுத்துப்போனவர்கள் என்று சொன்னால் மிகையாகாது. அவருடைய மருமகன் ஃபஸ்லுல்லாதான் பின்னால் ஸ்வாத்தைப் பிடித்தார். ஆகவே டாங்க்கிலிருந்த கோர்ட்டைத் தூக்கி வானாவில் வைத்தால் மட்டும் போதாது. ஜிர்கா சொல்கிற சமரசத்தைப் பதிவு செய்து, அதற்குச் சட்ட பலம் கொடுத்து, வேண்டாதவன் அப்பீல் போகலாம் என்கிற மாதிரி ஓர் ஏற்பாடு இல்லாவிட்டால், மெதுவான நீதி மறுபடியும் வேகமான துப்பாக்கியைக் கூப்பிடும்.

போலீஸ் கதையையும் பார்க்கவேண்டும். உள்ளூர்க்காரர்களான போலீஸுக்கு யார் யார் வீட்டுப் பையன் என்று தெரியும். அதனால்தான் தாலிபான் அவர்களைக் குறிவைக்கிறது. 2023 ஜனவரி 30 அன்று பெஷாவர் போலீஸ் லைன்ஸ் மசூதியில் தொழுகையின்போது 80-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் போலீஸ்காரர்கள், குண்டுவெடிப்பில் போனார்கள். 2024 செப்டம்பரில் லக்கி மர்வத் போலீஸார் சிந்து நெடுஞ்சாலையை மறித்துச் சீருடையோடு தர்ணாவில் உட்கார்ந்தார்கள். கோரிக்கை: ராணுவம் வெளியே போகட்டும், எங்களுக்கு அதிகாரம் கொடுங்கள், நாங்களே பார்த்துக்கொள்கிறோம். சாகிற வேலையை எங்களிடம் கொடுங்கள் என்று ஒரு காவல் படை தெருவில் உட்கார்ந்து கேட்பதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

என் கணக்கில் இந்த வழிதான் மற்றவற்றைவிட மேல். மற்ற வழிகளை முழுதாகத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. மலையில் முகாம் போட்டு நிற்கிற கும்பலைப் போலீஸால் கிளப்ப முடியாது. அதற்கு ராணுவம் வேண்டும். ஆனால் ஊரைக் காலி செய்யாமல், கால வரம்போடு. பேச்சும் வேண்டும். இயக்கத் தலைமையோடு பேசாமல், துப்பாக்கியைக் கீழே வைக்க நினைக்கிற ஒவ்வொருவனோடும் அவன் குடும்பம் வழியாகப் பேசுவது. காபூலோடு தோர்கம் வாயிலைத் திறந்துவைத்துக்கொண்டு பேரம் பேசலாம்; மூடினால் இரண்டு பக்கமும் வேலையிழக்கிற பஷ்தூன் இளைஞர்கள்தான் தாலிபானுக்கு அடுத்த ஆள்பிடிப்பு.

இதற்குப் பத்து வருடமாவது ஆகும். அதற்குள் தேர்தல் வரும், சீன இன்ஜினியர்கள் மீது 2021-ல் தாசுவிலும் 2024-ல் பெஷாமிலும் நடந்தது போலத் தாக்குதல் நடக்கும், பெய்ஜிங்கிலிருந்து போன் வரும். அரசுக்கு உடனே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது செய்யவேண்டும். பட்டா கொடுப்பதை டிவியில் காட்ட முடியாது, ஹெலிகாப்டரைக் காட்டலாம். பெஷாமுக்குப் பின் சில மாதத்திலேயே ராணுவ நடவடிக்கைக்கு அஸ்மே இஸ்திகாம் என்று அடுத்த பெயர் வந்தது.

2025 ஜூலை கடைசியில் பஜாவுரின் மாமுந்த் பகுதியில் பெரியவர்கள் ஜிர்கா கூடி, உள்ளூரில் ஒளிந்திருந்த தாலிபான் தளபதிகளிடம் நாள்கணக்கில் பேசினார்கள். கேட்டது இவ்வளவுதான்: ஆப்கானிஸ்தானுக்குத் திரும்பிப் போங்கள், சண்டைதான் போடுவோம் என்றால் மலைக்குப் போய்ப் போடுங்கள், ஊருக்குள் வேண்டாம். தாலிபான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆகஸ்டில் ஊரடங்கு அறிவித்தார்கள். ஜனங்கள் கால்நடைகளை ஓட்டிக்கொண்டு சாலைக்கு வந்தார்கள். சிலர் பள்ளிக்கூடங்களிலும் சிலர் உறவினர் வீட்டு முற்றங்களிலும் தங்கினார்கள். அறுவடைக்கு நின்ற சோளம் அப்படியே வயலில் நின்றது.